வருடத்துக்கு முப்பத்தெட்டுப் படங்கள்

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் பேசினாள். "அக்கா, ஸ்கேன் படங்களை க்ளவுட்ல வைக்கது லாபமா, சொந்தமா சர்வர் வாங்கி வைக்கது லாபமான்னு கமிட்டில மறுபடியும் கேக்காவ. நீங்க அன்னைக்குப் போட்ட கணக்கு இருந்தா அனுப்புங்களேன்."

இருக்கிறது. ஆனால் அனுப்பவில்லை. "அந்தக் கணக்கைப் பாத்து எழுதினா நீயும் என்னை மாதிரி மாட்டிக்கிடுவ" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பாவம், இந்தக் கிழவிக்கு என்ன கோளாறு என்று குழம்பியிருப்பாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

என் பெயர் சண்முகத்தாய். கோவில்பட்டியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது, "நீதான் வேகமா தட்டுவியே" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். மதுரைக்கும் சென்னைக்கும் மாறி மாறி வகுப்புக்கு அனுப்பினார்கள். அழுதுகொண்டே போய், வாய் பேசக் கற்றுக்கொண்டு திரும்பினேன். ஓய்வு பெறும்போது கணினிப் பிரிவுக்குத் தலைவி. நடுவில் நடந்தது முப்பத்தொரு வருடம். அதில் பெரும்பகுதி பிரிண்டரோடு சண்டை போட்டதுதான்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் படங்களெல்லாம் ஃபிலிமிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு அவற்றைச் சேர்த்து வைக்கத் தரைத்தளத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். உள்ளே அலமாரி உயரத்துக்கு ஒரு சர்வர் பெட்டி, பன்னிரண்டு டிஸ்க், ஒரு ஏ.சி., வரிசையாக பேட்டரிகள். அதைப் பார்த்துக்கொள்ள சிக்கந்தர் பாய். முன்பு எக்ஸ்ரே இருட்டறையில் ஃபிலிம் கழுவியவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். கோடையில் காற்று எழும்பினால் கரிசல் மண் எந்த இடுக்கிலும் புகுந்துவிடும். பாய் காலையில் வந்ததும் ஈரத்துணியால் வாசற்படியைத் துடைத்துவிட்டுத்தான் அறைக் கதவைத் திறப்பார். டிஸ்க் ஒன்று பழுதானால் சிவப்பு விளக்கு எரியும். அதை உருவிவிட்டுப் புதியதைச் செருகி, பழையதன் மேல் தேதி எழுதி ஒட்டி வைப்பார். சித்திரை, வைகாசியில் எப்படியும் ரெண்டு மூணு போகும்.

அந்த அறைக்குச் சைக்கிள் ஸ்டாண்டு பக்கமாக ஒரு சன்னல். அங்கே எப்போது பார்த்தாலும் யாராவது நின்று பாயோடு பேசிக்கொண்டிருப்பார்கள். "ஆபீஸ் நேரத்துல என்ன பாய் ஊர்க்கதை?" என்று நான் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். "சும்மா, தெரிஞ்ச ஆளு தாயி" என்பார். ஊரில் பாதிப் பேர் இவருக்குத் தெரிந்த ஆளா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் நிர்வாக அதிகாரி ஒரு பெண் டாக்டர். எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா. குரலை உயர்த்த மாட்டார். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முதல் பக்கத்துல எல்லாரும் நல்லவங்களாத்தான் இருப்பாங்க" என்பார். நம்பிக்கை வராத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு வேர்த்துவிடும்.

அந்தக் கணக்கைப் போட்ட வருடம் சர்வர் பெட்டிக்கு வயதாகிவிட்டது. படங்களும் நிரம்பிவிட்டன. புதிய பெட்டி வாங்குவதா, க்ளவுடுக்குப் போவதா என்று கமிட்டி கேட்டது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "சம்முவம், ரெண்டையும் எழுதிட்டு வா. உனக்கு எது பிடிக்கும்னு எழுதாத. எது எவ்வளவுன்னு எழுது."

பதினைந்து நாள் அதிலேயே கிடந்தேன். சொந்தப் பெட்டி என்றால், பெட்டியின் விலை மட்டும் போதாது. அஞ்சு வருடத்தில் மாற்ற வேண்டிய டிஸ்க்குகள், இரண்டாவது பிரதி வைக்க இன்னொரு சிறிய பெட்டி, ஏ.சி.க்கு ஓடும் கரண்ட், பேட்டரி, கடைசியாக அதைக் கவனிக்கும் ஆளின் சம்பளம். எல்லாவற்றையும் கூட்டி மாதக் கணக்காக்க வேண்டும். க்ளவுட் என்றால் வேறு வகை. பருத்திக் குடோனை வாடகைக்குப் பிடிப்பது மாதிரி. பொதி கிடக்க ஒரு வாடகை. வெளியே எடுக்க ஒரு கூலி. வாசல் பக்கத்தில் வைத்தால் வாடகை எக்கச்சக்கம். கேட்டதும் கைக்கு வரும். பின்கட்டில் அடுக்கினால் வாடகை ரொம்பக் குறைவு. ஆனால் எடுக்கக் கூலி அதிகம், அரை நாள் காத்திருக்கவும் வேண்டும். கோல்டு ஸ்டோரேஜ் என்பது இந்தப் பின்கட்டுதான்.

வாசல் பக்கம் வைத்தால் சொந்தப் பெட்டியைவிடச் செலவு இரண்டு மடங்கு. பின்கட்டில் வைத்தால் சொந்தப் பெட்டிச் செலவில் நாலில் ஒரு பங்கு. ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: வருடத்துக்கு எத்தனை பேர் பழைய படம் கேட்டு வருகிறார்கள்? நாலைந்து பேர் என்றால் அரை நாள் காக்க வைக்கலாம். தினமும் வந்தால் முடியாது.

பழைய படத்துக்குப் பிரதி வேண்டும் என்றால் கவுண்டரில் விண்ணப்பம் எழுதி, ஆதார் நகல் வைத்து, நூறு ரூபாய் கட்ட வேண்டும். பதிவேட்டில் ஏறும். எண்ணிப் பார்த்தேன். வருடத்துக்கு முப்பத்தெட்டு. 'சரி, பின்கட்டுதான்' என்று எழுதப் போனேன். ஆனால் என் குணம் சும்மா இருக்க விடாதே. எதற்கும் சர்வரின் குறிப்பேட்டையும் பார்த்துவிடுவோம் என்று திறந்தேன். எந்தப் படத்தை எப்போது திறந்தார்கள் என்று பெட்டி தானாகவே எழுதி வைத்திருக்கும். பார்த்தால், ஒரு நாளைக்குப் பதினான்கு, பதினைந்து பழைய படம் வெளியே போயிருக்கிறது.

திருட்டு என்றே நினைத்தேன். தடதடவென்று இறங்கிப் போனேன்.

"என்ன பாய் இது? தினமும் பதினஞ்சு படம் வெளிய போவுது. ரிஜிஸ்டர்ல வருசத்துக்கே முப்பத்தெட்டுதான் இருக்கு. யாருக்கு விக்குதீங்க?"

பாய்க்குக் கோபம் வரவில்லை. "அங்கன கொஞ்ச நேரம் உக்காரு தாயி" என்று ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன், மூச்சு வாங்கியது. அந்நேரம் சன்னலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கடம்பூர் பக்கத்து ஆள்.

"பாய், மாடு முட்டிச்சுலா, அப்பம் எடுத்த படம் வேணும். திருநெல்வேலில கேக்காவ."

"சீட்டு இருக்கா?"

"சீட்டு ஏது? கூரை ஒழுகி எல்லாம் போச்சு."

"எப்பம் முட்டுச்சு?"

"கம்பு அறுத்துப் போட்டிருந்தோம்."

"அப்பம் தை மாசம். மழை பொய்ச்சுப் போச்சே, அந்த வருசமா?"

"அதுக்கு மறுவருசம். பாசிப்பயறு நல்லா வெளஞ்சுதுலா!"

பாய் வருடத்தையும் மாதத்தையும் தட்டினார். ஊர்ப் பெயரைத் தட்டினார். ஏழு பெயர் வந்தது. "மாடு முட்டுனா விலாதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒன்றைத் திறந்தார். பெரியவரின் படம். சி.டி.யில் எழுதி, உறை போட்டு, சன்னல் வழியாக நீட்டினார். ரசீது இல்லை, விண்ணப்பம் இல்லை. பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார். "ரிஜிஸ்டர்ல ஏத்தினா நூறு ரூபா ரசீது போடணும் தாயி. காரணம்னு ஒரு கட்டம் வேற இருக்கு. தீப்பெட்டி ஆபீஸ்ல ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து நிக்க பொம்பளைகிட்ட என்ன காரணம் எழுதச் சொல்ல? உசிருதான் காரணம். இந்த சி.டி.யெல்லாம் என் காசு. ஆஸ்பத்திரி சாமான் ஒண்ணும் நான் தொடல, அல்லா சத்தியமா."

"எத்தனை வருசமா?"

"ஒம்பது வருசம் இருக்கும்."

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். விதி என்று ஒன்று இருக்கிறதே! அப்புறம்தான் மற்றது உறைத்தது. அவரிடம் விவரமாகச் சொன்னேன். இந்தத் தினசரிப் பதினைந்தை நான் எழுதினால் க்ளவுட் தோற்கும், பெட்டி தங்கும், பாயும் வேலையில் தங்குவார். முப்பத்தெட்டு என்று எழுதினால் க்ளவுட் வெல்லும். செலவுக் கணக்கில் முதலில் அடிபடுவது அவர் சம்பளம். அவர் ஒப்பந்த ஊழியர். வீட்டம்மாவுக்குத் தினமும் இன்சுலின் ஊசி. எங்கள் மருந்துக்கடையில் ஊழியர் குடும்பத்துக்குப் பாதி விலை. அதுவும் போய்விடும்.

பாய் மேசையில் கிடந்த காலி சி.டி. உறைகளை அடுக்கி வைத்தார். பிறகு, "முப்பத்தெட்டுன்னே எழுது தாயி" என்றார். "என் வேலை போனா ஒரு குடும்பத்தோட போச்சு. நீ இதை எழுதினா, ஒம்பது வருசத்துக் காசு எங்கன்னு கமிட்டில கேப்பாவ. மறுநாளே சன்னலைப் பூட்டிட்டு சனத்தைக் கவுண்டருக்கு விரட்டுவாவ. க்ளவுடும் கம்ப்யூட்டர்தானே? எனக்கப்புறம் எந்தப் பிள்ளையாவது இரக்கப்பட்டு எடுத்துக் குடுத்துரும்."

பின்கட்டிலிருந்து படம் வர அரை நாள் ஆகும் என்று நான் அப்போது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எந்தப் பிள்ளைக்கும் கம்பு அறுப்பு எந்த மாதம் என்று தெரியாது என்றும் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் சொல்லவில்லை. அவர் கெஞ்சியதற்காக விட்டுக்கொடுத்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பதினைந்து நாள் உழைத்துப் போட்ட கணக்கு முப்பத்தெட்டில் அவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்தது. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

டாக்டரம்மா கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் பென்சில் புள்ளி வைத்தார். "இவ்வளவுதானா, சம்முவம்?"

"ரிஜிஸ்டர்படி அவ்வளவுதான், டாக்டர்."

ரிஜிஸ்டர்படி! அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

கமிட்டி க்ளவுடைத் தேர்ந்தெடுத்தது. படங்களை ஏற்றி முடிக்க ஏழு வாரம் ஆனது. பாய்க்கு ஒரு சால்வை போட்டு, ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்து அனுப்பினோம். போகும்போது அவர் அறைச் சாவியை என்னிடம் தந்துவிட்டு, "சன்னல் கொக்கி கொஞ்சம் இறுகியிருக்கும், எண்ணெய் போடச் சொல்லு" என்றார். நான் தலையை ஆட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து க்ளவுட் கட்டணத்தை என் கணக்கோடு ஒத்துப் பார்த்தார்கள். நான் எழுதியதற்கும் வந்ததற்கும் நூறு ரூபாய்கூட வித்தியாசமில்லை. கமிட்டியில் ஒருவர் கையைத் தட்டினார். டாக்டரம்மாவே, "சொன்னாப்புல வந்திருக்கே!" என்று சிரித்தார். டீயும் கடம்பூர்ப் போளியும் வந்தன. எனக்குப் போளி இறங்கவில்லை. தினமும் பதினைந்து பேர் வந்த இடத்தில் கட்டணம் எப்படி முப்பத்தெட்டுக்குள் நிற்கும்? நிற்கிறது என்றால் அந்தச் சனமெல்லாம் எங்கே?

கீழே இறங்கி வாட்ச்மேனிடம் கேட்டேன். "வருதாவ மேடம். சன்னல் பூட்டிக் கிடக்கதைப் பாத்துட்டுப் போயிருதாவ. இப்பம்லாம் வாரதே கொறைஞ்சு போச்சு" என்றார்.

என் கணக்கு தப்பவில்லை. சனத்தை விரட்டி அதைச் சரியாக்கியிருந்தோம்.

அன்று பிற்பகல் கவுண்டரில் ஒரு சத்தம். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், பெயர் மாரியம்மாள். நெஞ்சு எக்ஸ்ரேயில் கட்டி மாதிரி ஒரு நிழல் தெரிகிறது, மறுநாள் திருநெல்வேலியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். பழைய படம் இருந்தால் கொண்டு வா என்று அங்கே டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கவுண்டர்ப் பெண் நோயாளி எண் கேட்கிறாள். அவள், "பருத்தி எடுக்கப் போன இடத்துல மூச்சு முட்டி விழுந்தேன்லா, அப்பம் எடுத்தது" என்கிறாள். கவுண்டர்ப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எண் இல்லாம முடியாதும்மா" என்கிறாள். அதுவும் அவள் குற்றமில்லை.

நான் போனை எடுத்து பாயைக் கூப்பிட்டு, மாரியம்மாளின் கையில் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "ஆமா பாய்... ரெண்டாம் எடுப்பு... கூட நாத்தனா வந்திருந்தா..." போன் என் கைக்குத் திரும்பியது. "பங்குனி தாயி. வெட்டுக்கிளி விழுந்த வருசம். மாரியம்மாள்னு நாலு பேரு இருக்கும், அவ இடது கைல மாவுக்கட்டு போட்ட படமும் இருக்கும் பாரு, அவதான்" என்றார்.

கண்டுபிடித்தேன். ஆனால் படம் பின்கட்டில். கேட்டு அனுப்பினேன், 'பன்னிரண்டு மணி நேரத்துக்குள்' என்று திரையில் வந்தது. இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை என் கையால்தான் எழுதினேன். மாரியம்மாளுக்கு விடிந்ததும் திருநெல்வேலி போயாக வேண்டும். அவளைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லிவிட்டு, விடியலில் படத்தை எடுத்து சி.டி.யில் போட்டு, ஆறு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த அவள் கையில் கொண்டு போய்க் கொடுத்தேன். என் காசில் வாங்கிய சி.டி. வாழ்க்கையில் முதல் தடவை.

மத்தியானம் அவள் நம்பரிலிருந்து போன். "யக்கா, அந்த நெழலு அப்பவும் அதே மாதிரி கெடந்திருக்காம். வளரலையாம். ஊசி வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வான்னுட்டாவ. ஊருக்கு வாரேன்க்கா." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம் பாதி. திரும்பிப் போன மற்றவர்களை நினைத்து மீதி.

அழுத முகத்தோடேயே டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சர்வரின் குறிப்பேட்டை முன்னால் வைத்தேன். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சிக்கந்தரைக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

பாய் மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். தண்டனைக்கு வந்தவர் போல் இருந்தது.

"ஒம்பது வருசம் எங்கிட்ட ஏன் சொல்லல, பாய்? வேண்டாம்னு சொல்லிருவேன்னா?"

"இல்ல டாக்டரம்மா. நீங்க சரின்னுதான் சொல்லுவீங்க. அப்புறம் கமிட்டில உங்களைல்லா ஏசுவாவ?"

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். சொந்தப் பெட்டிக்குத் திரும்ப முடியாது. அதன் டிஸ்க்குகளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. க்ளவுடில் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடுவில், சொந்தப் பெட்டியைவிடச் செலவு கூடும் என்று நான் அன்றைக்கு ஒதுக்கிய ஓர் அடுக்கு உண்டு: வாடகை மிதமாக இருக்கும், படம் உடனே வரும், எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கூலி. எல்லாவற்றையும் அதற்கு மாற்றச் சொன்னார். நூறு ரூபாய் இனி இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும். கமிட்டியோடு அதற்கு இரண்டு கூட்டம் சண்டை போட்டார்; குரலை உயர்த்தாமல்தான். பாய்க்கு வேலையும் வந்தது, வீட்டம்மாவுக்குப் பாதி விலை ஊசியும் வந்தது.

சன்னல் திறந்தது. ஆனால் யாரும் வரவில்லை. பூட்டிவிட்டார்கள் என்ற செய்தி பரவிய வேகத்தில் திறந்த செய்தி பரவாது. பத்து நாள் பாய் சும்மாவே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டை எடுத்துக்கொண்டு இடைசெவல், கடம்பூர், எப்போதும்வென்றான் என்று டீக்கடை டீக்கடையாகப் போய் நின்று சொல்லிவிட்டு வந்தார். முதலில் ஒருவர், மறுநாள் மூவர். சிலர் சன்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள்.

அடுத்த மாதக் கட்டணம் ஏறியிருந்தது. அதற்கடுத்தது இன்னும் ஏறியது. நான் எழுதிக் கொடுத்த கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த பில்லை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன சம்முவம், இன்னும் கம்மியாத்தான் வந்திருக்கு? எட்டயபுரத்துப் பக்கம் சனத்துக்குத் தெரியாதோ?"

"இந்த ஞாயித்துக்கிழமை பாய் அங்கதான் போறாரு, டாக்டர்" என்றேன்.